மதப்பற்றை அளக்கும் கேள்விகள்: திருத்த உதவுங்கள்

வணக்கம். தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்களின் மதப்பற்றுக்கும் பாலியல் நல அறிவுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க ஒரு வினாத்தாள் தயாரிக்கிறோம். சிக்கல் மதப் பகுதியில்தான். டியூக் பல்கலைக்கழகத்தின் 5 கேள்வி அளவுகோலில் முதல் கேள்வியே, வழிபாட்டுத் தலத்துக்கு எவ்வளவு அடிக்கடி போகிறீர்கள் என்பதுதான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு அது பொருந்தும். வீட்டுப் பூஜையறையில் கும்பிடுகிறவருக்கும், ஐந்து வேளையும் வீட்டிலேயே தொழும் முஸ்லிம் மாணவிக்கும் அதில் மதிப்பெண் அநியாயமாகக் குறைந்துவிடும். இதற்கு மாற்றாக எப்படிக் கேட்கலாம்?

அறிவுப் பகுதியில் சரி, தவறு, தெரியாது என மூன்று விடைகள். 'தெரியாது' இல்லையென்றால் ஊகித்தே பாதி சரியாகிவிடும். அவசர கருத்தடை மாத்திரையைப் பாதுகாப்பற்ற உடலுறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம் போட வேண்டும். கொசுக்கடியால் எச்ஐவி பரவாது. இந்த மாதிரிக் கேள்விகள் மட்டுமே இருக்கும். 'திருமணத்துக்கு முன் உறவு தவறு' என்பது கருத்து. அதையும் அறிவுக் கணக்கில் சேர்த்தால் பக்தியுள்ளவரெல்லாம் விவரம் தெரியாதவர்களாகத் தெரிவார்கள். அதை நாங்கள் ஒப்பவே மாட்டோம்.

பெயர், பதிவு எண் கேட்கப்போவதில்லை. மாணவர்களோடு பழகும் பேராசிரியர்கள், செவிலியர்கள், ஆலோசகர்கள் வரைவைப் படித்து, எந்தக் கேள்வி யார் மனதைப் புண்படுத்தும் என்று கமென்ட்டில் சொல்லுங்கள்.