கேர் காயில் கசப்பு போகவில்லை, என்ன செய்வது?

ஜோத்பூரில் இருக்கிறேன். தார் பாலைவனத்தில் தானாக வளரும் கேர் புதரின் பச்சைக்காயை ஊறுகாய் போட எடுத்து ஏழு நாளாகிறது, இன்னும் வாயில் வைக்க முடியாத கசப்பு.

பெரும்பாலும் இலையில்லாமலே நிற்கும் முள் புதர் அது, தாவரவியலில் கப்பாரிஸ் டெசிடுவா. கடும் வறட்சியிலும் காய்க்கும் என்பதால் இங்கே பஞ்ச காலத்துக்கும் கைகொடுத்த உணவு. கேர் சாங்ரி என்று வன்னிமரக் காயோடு சேர்த்துச் சமைப்பார்கள், அதைச் சாப்பிட்டுத்தான் எனக்கு ஆசையே வந்தது.

மே முதல் வாரம் ஒரு கிலோ பறித்தேன். பாதிக் காய்கள் மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, மீதி சுண்டைக்காய் அளவு. முதல் மூன்று நாள் உப்புத் தண்ணீரில் போட்டு, தினமும் தண்ணீர் மாற்றினேன். கசப்பு துளியும் குறையவில்லை. அப்புறம் பக்கத்து வீட்டு அம்மா சொன்னபடி உப்பு போட்ட மோரில் மாற்றினேன். அவர் மண்பானையில் போடச் சொன்னார், என்னிடம் பிளாஸ்டிக் டப்பாதான் இருந்தது. நான்கு நாளில் காய் மஞ்சளாகியிருக்கிறது, சின்னக் காய்களில் கசப்பு பாதி குறைந்திருக்கிறது. பெரியவை அப்படியே. நேற்றிலிருந்து மோரின் மேல் வெள்ளையாக ஒரு படலம், லேசான புளிப்பு வாடை. காய் அழுகவில்லை, அழுத்தினால் கெட்டியாகத்தான் இருக்கிறது. வெயில் 42 டிகிரி, டப்பா சமையலறையில் நிழலில்.

வேகவைத்தால் குழைந்துவிடுமோ என்று இன்னும் அதைத் தொடவில்லை.

கேர் போட்டுப் பழகியவர்கள் சொல்லுங்கள்: பெரிய காய்களைப் புது மோரில் இன்னும் சில நாள் விட்டால் கசப்பு போகுமா, இல்லை முற்றிய காய் என்று எறிந்துவிட வேண்டியதுதானா?