நவஹோ ஊருக்குப் போற தம்பி அச்சன், அங்க நித்தம் பொழப்பு எப்பிடி இருக்கும்?

களியக்காவிளைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். எனக்க தம்பி அச்சனாயி, அதாவது கோயில் சாமியாராயி, ரெண்டு வருஷம் ஆச்சு, வயசு 29. இப்ப அவனுக்க சபையில இருந்து அமெரிக்காவுக்கு அனுப்புறாங்க. அமெரிக்கான்னு கேட்ட ஒடனே அம்மா நியூயார்க்குன்னு நெனச்சு சந்தையில மீன் விக்கிறவங்க வரைக்கும் சொல்லியாச்சு, பொறவு பாத்தா நியூ மெக்சிகோ பக்கம் கேலப் மறைமாவட்டமாம், நவஹோங்குற அமெரிக்கப் பழங்குடி மக்கள் இருக்குற எடமாம், மேப்புல பெருசு பண்ணிப் பாத்தா செம்மண்ணும் பாறையும்தான் தெரியுது. பூசை வைக்கிறது போக மிச்ச நேரம் அங்க என்ன செய்வான், என்ன திம்பான், ஆளுங்க பேசுவாங்களா? அவன்கிட்ட கேட்டா கர்த்தர் பாத்துப்பாருன்னு சிரிக்கான். அம்மா ராத்திரி ஒறங்கமாட்டேங்குறாங்க. யாராவது அந்தப் பக்கம் இருந்திருந்தா சொல்லுங்க.

மார்த்தாண்டம் நர்ஸ்:
மக்களே, நான் அங்க ஒரு ஆஸ்பத்திரியில 3 வருஷம் டூட்டி பாத்தவ. மொதல்ல அம்மாட்ட சொல்லு, அது பாலைவனம்னு நெனச்சு கம்பளி எடுக்காம விட்டுரக்கூடாது. கேலப்பு கிட்டத்தட்ட 2000 மீட்டர் ஒசரம், நம்ம ஊட்டி மாதிரி, குளிர்காலத்துல பனி விழும். நெறைய வீட்டுல விறகு அடுப்புதான் சூடு குடுக்கும், அதனால கோடாலி பிடிக்கத் தெரிஞ்சா அச்சனுக்கு மரியாதை.

பொறவு குடிக்கிற வெள்ளம். 100 வீட்டுல சுமார் 30 வீட்டுக்கு பைப்பு வெள்ளம் கெடையாது, பிக்கப் வண்டியில டேங்கு கட்டி தூரத்துல இருந்து கொண்டு வரணும். வயசானவங்களுக்கு வெள்ளமும் விறகும் கொண்டு எறக்கிக் குடுத்துட்டு, அங்கேயே கொறச்சு நேரம் உக்காந்து சாயாவோ காப்பியோ குடிச்சுட்டு வர்றதுதான் பாதி ஊழியம், பிரசங்கம் எல்லாம் ஞாயித்துக்கெழமை பத்து நிமிஷம்.

சாப்பாடு பயப்படண்டாம். ஆட்டெறச்சி சூப்பு, எண்ணெயில பொரிச்ச ரொட்டி, நீலச் சோளத்துல கஞ்சி மாதிரி ஒண்ணு, அதுல ஜூனிப்பர் எலைச் சாம்பல் கொறச்சு கலக்குவாங்க. ஆட்டுக்கொழுப்பச் சுத்தி குடல வச்சுச் சுடுவாங்க பாரு, நம்ம குடல் கறி தின்னு வளந்தவனுக்கு அது சொர்க்கம். மரச்சீனிக் கெழங்கு மட்டும் கனவு காணணும்.

நான் பட்டது ஒண்ணு. போன புதுசுல ஆந்தை படம் போட்ட தொப்பி வச்சு வார்டுக்குப் போனேன், ஒரு பாட்டி மூஞ்சியத் திருப்பிட்டு மருந்தே வாங்கல. அங்க ஆந்தைன்னா சாவுச்சேதி. கூட வேல பாத்த பிள்ளதான் சொல்லிச்சு, அன்னைக்கே குப்பையில போட்டேன். அதுபோல ஒடம்பு சரியில்லாத ஆளுட்ட நேரா "உங்களுக்கு இப்பிடி ஆகிரும்"னு சொல்லக்கூடாது, சொன்னா சொன்னது நடந்திரும்னு நம்புறாங்க. வேற யாரோ ஒருத்தருக்கு வந்த மாதிரி சுத்திச் சொல்லணும். தம்பி நோயில்பூசுதல் குடுக்கப் போவாம்லா, இத அவன் கட்டாயம் தெரிஞ்சு வச்சுக்கணும்.

பாறசாலை வாத்தியார்:
நர்சம்மா சொன்னது சரி, ஆனா ஒரு விஷயம் விட்டுட்டாங்க. அங்க பழைய ஆளுங்களுக்கு பள்ளிக்கூடம்னாலே வேற ஞாபகம். 1864-ல அமெரிக்கப் பட்டாளம் அந்த சனங்கள ஊரவிட்டு நடத்திக் கொண்டுபோச்சு, 1868-ல ஒப்பந்தம் போட்டுதான் திரும்ப மண்ணுக்கு வந்தாங்க. அதுக்குப் பொறவு பிள்ளைங்கள விடுதிப் பள்ளிக்கூடத்துல போட்டு, முடிய வெட்டி, சொந்த பாஷை பேசுனா அடிச்சாங்க. அரசாங்கம் மட்டும் இல்ல, சபைகளும் நடத்துச்சு. 2024 ஜூன்ல அமெரிக்க ஆயருங்க பேரவையே மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கு. அதனால அங்கிய போட்டுட்டுப் போறவன யாராவது மொறைச்சுப் பாத்தா கோவப்படக்கூடாது, அந்த மொறைப்புக்கு காரணம் தம்பி பொறக்குறதுக்கு முன்னாடியே இருக்கு.

நல்ல கதையும் உண்டு. 1898-ல பிரான்சிஸ்கன் சபைக்காரங்க அங்க செயின்ட் மைக்கேல்ஸ்ங்குற ஊருல மடம் போட்டாங்க, அங்க வந்த பெரார்ட் ஹைல்னு ஒரு சாமியார் அந்த மொழியப் படிச்சு அகராதி வரைக்கும் வேல செஞ்சாரு. மொழி படிக்கச் சொல்லுங்க, தமிழும் மலையாளமும் ஒண்ணாப் பேசுற வாய்க்கு கஷ்டம்தான் ஆனா முடியும் (மூச்ச நிறுத்தி நிறுத்திப் பேசணும்). வணக்கத்துக்கு "யாஅத்தே", நன்றிக்கு "அஹேஹே".

கொழிஞ்சாம்பாறை பையன்:
நான் பீனிக்ஸ்ல ஐடி. ரெண்டு தடவ அந்தப் பக்கம் வண்டி ஓட்டிட்டுப் போனேன். அண்ணா டிரைவிங் நல்லா படிச்சுட்டுப் போகட்டும், நவஹோ நேஷன், அதாவது அந்த மக்களே நிர்வாகம் பண்ற பகுதி, அதோட பரப்பு கேரளாவோட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, மண் ரோடு மழை பேஞ்சா சேறு, போன் சிக்னல் பல எடத்துல சுத்தமா இல்ல. இன்னொரு கூத்து, கோடைல அமெரிக்காவுல கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வைப்பாங்க, ஆனா அரிசோனா மாத்தாது, நவஹோ மாத்தும், நடுவுல இருக்குற ஹோப்பிங்குற இன்னொரு பழங்குடி பகுதி மாத்தாது. பூசைக்கு லேட்டாப் போனா வாட்ச்சு மேல பழி போட்டுக்கலாம். நவஹோ எல்லைக்குள்ள சாராயம் தடை, வாங்கணும்னா எல்லை தாண்டி கேலப்புக்கு வருவாங்க. தமிழ்நாடு-கேரளா எல்லையில இருக்குற களியக்காவிளைக்காரிக்கு இத வெளக்க வேண்டாம்.

களியக்காவிளைக்காரி:
அய்யோ சிரிப்பு வந்துட்டு. எல்லாருக்கும் நன்றி. நர்ஸ் சேச்சி, போன ஒடனே மொதல்ல என்ன பேசணும்னு தம்பி கேக்கான்.

மார்த்தாண்டம் நர்ஸ்:
தேவனப் பத்தி இல்ல மக்களே, அவனுக்க அம்மாவப் பத்தி. அங்க ஆளு யாருன்னு நாலு குலம் வச்சுதான் சொல்லுவாங்க, மொதல்ல அம்மா குலம், பொறவு அப்பாக்க குலம், பொறவு அம்மாக்க அப்பா, அப்பாக்க அப்பா. பிள்ளைங்க அம்மா குலம்தான், நம்ம பக்கம் பழைய மருமக்கத்தாயம் மாதிரின்னு வச்சுக்க. அவங்க பாஷையில ஷிமான்னா எனக்க அம்மா, ஷிமாசானின்னா அம்மாக்க அம்மா. இவனும் அதே வரிசையில வீட்டுப்பேரு நாலையும் சொல்லட்டும், பாட்டிமாரு நிமிந்து உக்காருவாங்க. கை குடுக்கும்போது முறுக்கிப் பிடிக்காம மெதுவாத் தொடணும், வெரல நீட்டி யாரையும் காட்டக்கூடாது, அவங்க உதட்டாலதான் காட்டுவாங்க.

களியக்காவிளைக்காரி:
சேச்சி இப்பதான் அம்மாட்ட கேட்டேன். அம்மா வீடு மாவிளை, அப்பா வீடு தெங்கடி. அம்மாக்க அப்பா எந்த வீடுன்னு அம்மாக்கே தெரியல, ரெண்டு பேரும் அரமணிக்கூறா சண்ட போட்டுட்டு இருக்காங்க. நாளைக்கு அருமனை மாமாவ விளிச்சுக் கேக்கணும், ஞாயித்துக்கெழமை இவனுக்கு டிக்கெட்டு.