மெல்பர்னில் இரவு 3 மணிக்குப் பசித்தது

குவாத்ர் போர்ன், ஓய்வுபெற்ற ஆசிரியை

மகளின் பிரசவத்துக்காக ஜனவரியில் மெல்பர்ன் போனேன். சென்னைக்குப் பலமுறை போய் வந்தவள் நான். அது ஒன்றரை மணி நேர வித்தியாசம், உடம்பு கண்டுகொள்ளாது. அந்தத் தெம்பில்தான் நம் மொரீஷியஸின் பிளேசான்ஸ் விமான நிலையத்தில் விமானம் ஏறினேன்.

ஜனவரியில் மெல்பர்ன் நமக்கு 7 மணி நேரம் முந்தி. போய்ச் சேர்ந்த அன்று இரவு 10 மணிக்கு வீட்டில் விளக்கை அணைத்துவிட்டார்கள். இங்கே பிற்பகல் 3 மணி, எப்படித் தூக்கம் வரும்? அங்கே இரவு 3 மணிக்கு வயிறு சோறும் ருகாயும் (நம் ஊர்த் தக்காளிக் குழம்பு) கேட்டது. பாவம், அதற்கு இன்னும் மொரீஷியஸ் நேரம். இரவு 8 மணி, சாப்பாட்டு வேளை. தண்ணீர் குடிக்க வந்த மருமகன், இருட்டில் நான் பாத்திரத்தைத் திறக்கும் சத்தம் கேட்டு யாரோ திருடன் என்றே நினைத்துவிட்டார்.

நேரம் மாறியதில் உடம்பு தடுமாறும் இதற்குத்தான் ஜெட் லாக் என்று பேர். "காலை வெயிலில் நில்லுங்கள், ஜெட் லாக் போய்விடும்" என்று சொல்லாத ஆள் இல்லை. நானும் மூன்று நாள் காலை 7 மணிக்கே பூங்காவில் நடந்தேன். நாளுக்கு நாள் மோசமானது. மகளைப் பார்க்க வந்த நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு தாளில் இரண்டு கடிகாரம் வரைந்து காட்டினார். நம் உடம்புச் சூடு விடியலுக்கு முன், 4 மணி வாக்கில், மிகவும் தணியுமாம். அதற்கு முன்னால் கண்ணில் படும் வெளிச்சம் உடம்பின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். அதற்குப் பிறகு படுவது முன்னுக்கு இழுக்கும். என் உடம்பின் 4 மணி என்பது மெல்பர்னில் காலை 11. ஆக, 7 மணிக்கு நான் வெயில் காய்ந்தது நடுராத்திரியில் கண்ணெதிரே விளக்கேற்றிய கதைதான். முன்னுக்கு வரவேண்டிய கடிகாரத்தை நானே பின்னால் இழுத்திருக்கிறேன்.

அதன்பிறகு மதியம் வரை திரையை மூடி வைத்தேன், வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி. மதியத்துக்கு மேல் நல்ல வெயிலில் நடை. தினமும் அந்த நேரத்தை ஒரு மணி முந்திக்கொண்டேன். ஒரு வாரத்தில் சரியானது. நடுவில் பிறந்த பேரன் பகல் இரவு தெரியாமல் அழுதான். பிறந்த குழந்தைக்கு உடற்கடிகாரம் படியவே இரண்டு மூன்று மாதம் ஆகுமாம். இரவு 2 மணிக்கு அவனுக்குத் துணை நான், எனக்குத் துணை அவன்.

போ பாஸேன், மொரீஷியஸ்

டீச்சரம்மா, நான் போனது எதிர்த்திசை. ஜூனில், பாரிஸ் வழியாக டொரோண்டோ, தங்கை வீட்டுக் கல்யாணம். அங்கே நம்மைவிட 8 மணி நேரம் பிந்தி. மதியம் 2 மணிக்கு நமக்கு இரவு 10 அல்லவா, பந்தியில் இலைக்கு முன்னாலேயே தூங்கி விழுந்தேன். கல்யாண வீடியோவில் அது இருக்கிறது. அழிக்கச் சொல்லிப் பார்த்தேன், மாட்டேன் என்கிறார்கள்.

ஆனாலும் மேற்கே போவது கொஞ்சம் சுலபம். மனித உடம்பின் நாள் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். அதனால் நாளை நீட்டினால் தாங்கும், சுருக்கினால்தான் முரண்டு பிடிக்கும். ஜூனில் அங்கே பொழுது சாய 9 மணி ஆகிவிடுகிறது. அதுவரை வெளியிலேயே உட்கார்ந்திருந்தது எனக்கு உதவியது. அந்த ஊரில் மெலடோனின் மாத்திரை மருத்துவர் சீட்டில்லாமலே கிடைக்கும். மச்சான் பிற்பகல் 3 மணிக்கு ஒன்றைக் கையில் வைத்து, "சற்று நேரம் தூங்குங்கள்" என்றார். இருட்டிவிட்டது என்று மூளைக்குச் சேதி சொல்வது அது. என் உடம்பு ஏற்கெனவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது. பிறகென்ன, இரவு முழுக்கக் கொட்டக் கொட்ட விழிப்பு.

நினைவிருக்கிறதா, 2008 அக்டோபரில் நம் ஊரிலேயே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்கு வைத்தார்கள்? அந்த ஒரு கோடையோடு விட்டும்விட்டார்கள். அந்த ஒரு மணிக்கே என் அம்மா மாதக்கணக்கில் பழைய நேரம்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

சேன் தெனி, ரெயூனியன்

எங்களுக்கு எப்போதும் பாரிஸ்தான். 11 மணி நேரம் பறந்தாலும் நேர வித்தியாசம் கோடையில் 2, குளிரில் 3 மணிதான். கால் வீங்கும், தொண்டை வறளும், ஒரு நாள் தூங்கினால் தீர்ந்தது. அதை ஜெட் லாக் என்று சொல்லிக்கொண்டு வேலைக்கு மட்டம் போடும் சொந்தக்காரர் எங்கள் வீட்டில் இருக்கிறார்.

ரோஸ் ஹில், மொரீஷியஸ்

நம் தீவில் சர்க்கரை இல்லாத வீடு எது? அதனால் இதைச் சொல்கிறேன். அப்பா இரவு 9 மணிக்கு இன்சுலின் போடுபவர். சிட்னி போன முதல் இரவு, அந்த ஊர்க் கடிகாரத்தில் 9 மணி அடித்ததும் வழக்கமான அளவையே போட்டுக்கொண்டார். கிழக்கே போகும்போது நாள் சுருங்குகிறது. முந்தைய ஊசியின் வேகம் தணிவதற்குள் அடுத்தது. விடியற்காலையில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. நல்லவேளை, பக்கத்தில் ஆரஞ்சுச் சாறு இருந்தது. கிளம்புவதற்கு முன் பார்த்த மருத்துவரிடம் நாங்கள் நேர வித்தியாசத்தைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பயணத் தேதி, விமான நேரம், இரண்டு ஊர் மணி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போய், எந்த ஊசி எப்போது, எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். இன்சுலின் கைப்பையில்தான் இருக்கவேண்டும்; கீழே போகும் பெட்டியில் உறைந்துவிடலாம்.

குவாத்ர் போர்ன், ஓய்வுபெற்ற ஆசிரியை

ஐயோ, எனக்கும் சர்க்கரை உண்டு, மாத்திரை மட்டும்தான். இருந்தாலும் கேட்டுவிடுகிறேன், ஜூலையில் மறுபடி போகிறேன். அப்போது வித்தியாசம் 6 மணிதான். சமையலறையில் இரவு முழுக்க விளக்கு எரியவிடட்டுமா என்று மருமகன் கேட்டார். வேண்டாம், ஒரு டிபன் டப்பாவில் சோறு போட்டு என் கட்டில் பக்கத்தில் வைத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.