அட்டாரி 2600+ வாங்கலாமா, பழையதையே பழுது பார்க்கலாமா?

கேள்வி:
மாமா விட்டுச்சென்ற அட்டாரி 2600 என்ற பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்று, பதினொரு கேட்ரிட்ஜ்களோடு (விளையாட்டு அடங்கிய செருகு பெட்டிகள்) என்னிடம் இருக்கிறது. முகப்பின் மரநிறம்கூட மங்கவில்லை. திரையில்தான் பட்டை பட்டையாகக் கோடு ஓடுகிறது. 2023இல் வந்த அதன் புதிய வடிவமான 2600+ பழைய கேட்ரிட்ஜையே ஏற்கும் என்கிறார்கள். ஏற்கெனவே, பழைய பெயரில் புதிதாக வருவதாகச் சொன்ன வேறொரு ‘மறுபிறவி’ பெட்டிக்கு முன்பணம் கட்டி ஏமாந்தவன் நான். இரண்டு ஆண்டுகளாக ‘விரைவில்’ என்ற மின்னஞ்சல் மட்டுமே வந்தது. இதையாவது நம்பலாமா?

பதில் 1:
பெயர்ப்பலகையை மட்டும் நம்பாதீர்கள். 2016இல் கொலிகோ என்ற பழைய பெயரில், கொலிகோ கமேலியன் என்று ஒரு புதிய கேம் பெட்டியைக் காட்டினார்கள். கூடு அட்டாரியின் பழைய ஜாகுவார் கேம் பெட்டியுடையது. உள்ளே தெரிந்தது கணினியில் வீடியோ பதிவுசெய்யும் அட்டை என்று ரசிகர்கள் படத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள்! இன்டெலிவிஷன் என்ற பழைய பெயரில் அறிவித்த அமிக்கோ கேம் பெட்டியும் 2020 அக்டோபர் 10 அன்று வரும் என்றார்கள். வரவில்லை.

பதில் 2:
2600+ கடைக்கு வந்த பொருள், அந்த வகையில் நேர்மையானது. ஆனால் உள்ளே பழைய சில்லுகள் இல்லை. கேட்ரிட்ஜில் உள்ளதை முழுதாகப் படித்துக்கொண்டு, பழைய பெட்டியைப் போலவே இயங்கிக் காட்டும் மென்பொருளான எமுலேட்டரில் ஓட்டுகிறது. அதனால் கூடுதல் சில்லு பொருத்திய சில புதிய கேட்ரிட்ஜ்கள் தகராறு செய்யும். அசல் பெட்டியோ வெறும் 128 பைட் நினைவகத்தை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படம் வரைந்தது. அந்தச் சாமர்த்தியத்திற்காகவே அதைக் காப்பாற்றலாம். 7805 மின்னழுத்தச் சீராக்கியையும் பக்கத்து மின்தேக்கியையும் முதலில் சோதியுங்கள்.

கேட்டவர்:
திறந்தேன். மின்தேக்கியின் தலை உப்பியிருக்கிறது. நாளை பற்றவைப்புக் கோலோடு உட்காருகிறேன்.