கால்வாசி மோட்டார் சிமுலேஷன்: உறுத்திக்கொண்டே இருக்கும் அந்த ஒரு ரன்

மோட்டாரை முழுதாக வரையாமல் ஒரு பாகத்தை மட்டும் வரைந்து கணினியில் ஓட்டியதில் எந்த ரன் தவறாகப் போனது என்பதற்கு வந்த பதில்கள்.

கப்பலூர் காயில்:
36 ஸ்லாட் (காயில் உட்காரும் பள்ளம்), 4 போல் (காந்த முனை), 28 ரோட்டார் பார் (சுழலும் பகுதியில் உள்ள கடத்திக் கம்பி). மூன்றுக்கும் மீப்பெரு பொது வகுத்தி 4. எனவே கால்வாசி வரைந்தாலே போதும்: 9 ஸ்லாட், 7 பார், ஒரே போல், இரண்டு ஓரத்துக்கும் ஆன்டி பீரியாடிக் (ஒரு ஓரத்தின் காந்தப்புலம் மறு ஓரத்தில் எதிர்க் குறியோடு). நல்ல மோட்டாருக்கு எல்லாம் சரியாகவே வந்தது. மேலூர்ப் பக்கத்துக் கிணற்றிலிருந்து வந்த அதே ரக மோட்டாரில் ஒரு பார் முறிந்திருந்தது. கால் மாடலிலும் ஒரு பாரை வெட்டி ஓட்டியபோதுதான் அந்தக் காட்சி. ஸ்டேட்டர் கரண்டில், சப்ளை அதிர்வெண்ணிலிருந்து இருமடங்கு ஸ்லிப் (ரோட்டார் காந்தப்புலத்துக்குப் பின்தங்கும் அளவு) தள்ளி நிற்கும் பக்க அலைகள், அளந்ததைவிட எங்கோ உயரத்தில்! கால் மாடலில் 1 பார் என்றால் முழு மோட்டாரில் 90 டிகிரிக்கு ஒன்றாக 4 பார் முறிந்த கணக்கு. காயில் ஷார்ட்டுக்கும் இதேதான். பழுது என்று வந்தால் 360 டிகிரியும் வரையுங்கள்.

வாடிப்பட்டி வைண்டர்:
அண்ணே, வகுத்தியோட நிறுத்தக்கூடாது, வைண்டிங்கையும் பாக்கணும். கான்சென்ட்ரிக்ல (ஒண்ணுக்குள்ள ஒண்ணா காயில் வைக்கிற முறை) 4 போலுக்கு ஒரு ஃபேஸுக்கு 2 காயில் குரூப்தான் போடுறது உண்டு. அதுக்குக் கால் மாடல் எப்படிச் செல்லும்? பாதி வேணும்.

ஏர்கேப்:
செல்லும்ணே. 2டி கணக்குக்கு குரூப் தெரியாது, ஸ்லாட்டில் ஓடும் கரண்ட் மட்டும்தான் தெரியும். 1, 2, 3-ஆவது ஸ்லாட்டில் உள்ளே போகும் ஃபேஸ் 10, 11, 12-இல் வெளியே வருகிறது, 19-இல் மறுபடி உள்ளே. 9 ஸ்லாட் தள்ளினால் அதே ஃபேஸ், எதிர்க் குறி. அது போதும். 28-க்குப் பதில் 30 பார் இருந்தால்தான் வகுத்தி 2 ஆகும். அப்போது பாதி மாடல், 15 பார், சாதாரண பீரியாடிக் (இரண்டு ஓரத்திலும் அதே குறி).

உண்மையில் வயிற்றைக் கலக்கியது எண்ட் ரிங் (பார்களின் முனைகளை இணைக்கும் வளையம்). கால் மாடலின் 7-ஆவது பாரிலிருந்து 1-ஆவது பாருக்கு ரிங் நேராக மூடப்பட்டிருந்தது. அப்படி மூடினால் 7 பாரின் கரண்டும் கூட்டிப் பூஜ்யமாக வேண்டும் என்று சர்க்யூட் கட்டாயப்படுத்தும். டார்க் (முறுக்கு விசை) குப்புற விழுந்தது. முன் ரிங்கின் கடைசி முனை முதல் பாரின் பின் முனைக்குப் போக வேண்டும், பின் ரிங் முன் முனைக்கு. குறுக்குக் கட்டு.

காகிங் 12:
12 ஸ்லாட் 10 போல் காந்த மோட்டார். வகுத்தி 2, பாதியில் 5 காந்தம். முதலாவதும் வடக்கு, ஐந்தாவதும் வடக்கு. ஓரத்தில் பீரியாடிக் கொடுத்துவிட்டால் வடக்கை ஒட்டி வடக்கு வந்து உட்காரும். 6 டிகிரிக்கு ஒரு முறை திரும்ப வேண்டிய காகிங் (கரண்ட் இல்லாமலே காந்தம் ஸ்டேட்டர் பல்லை இழுப்பதால் வரும் டார்க்) 30 டிகிரிக்கு ஒரு முறை வந்தது. பாதிக்குள் போல் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் ஆன்டி, இரட்டைப்படை என்றால் பீரியாடிக்.

எஃப்.இ.எம்.எம். (2டி காந்தப்புலம் கணக்கிடும் மென்பொருள்) பயன்படுத்துகிறவர்களுக்கு: ஒரு பவுண்டரி (ஓர நிபந்தனை) பெயரை இரண்டு கோட்டுத் துண்டுக்குத்தான் கொடுக்கலாம். ஷாஃப்ட், ரோட்டார் இரும்பு, காந்தம், ஸ்டேட்டர் என்று ஓரத்தில் எத்தனை துண்டோ அத்தனை பெயர், அத்தனை ஜோடி. ஜோடியின் நீளம் இரண்டும் ஒன்றாக இருக்கட்டும். ரோட்டாரைச் சுழற்ற, ரோட்டாருக்கும் ஸ்டேட்டருக்கும் இடையிலான ஏர் கேப்பில் ஆன்டி பீரியாடிக் ஏர்கேப் பவுண்டரியை இரண்டு வில்லுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு சுழற்சி அடிக்கும் (ஸ்டெப்) மறுபடி வரைய வேண்டாம். 0.25 டிகிரி அடி வைத்தால் ஒரு காகிங் சுற்றுக்கு 24 புள்ளி. 9 ஸ்லாட் 8 போலுக்கு இந்தச் சலுகை கிடையாது, வகுத்தி 1.

கப்பலூர் காயில்:
டார்க்கும் இழப்பும் பாகங்களின் எண்ணிக்கையால் பெருக்கம். ஃப்ளக்ஸ் லிங்கேஜ் (காயிலோடு பிணையும் காந்தப் பாயம்) பெருக்கிய பின் இணைப் பாதைகளால் வகுத்தல். கால் டார்க்கை வைத்தே வேகம் கணக்கிட்டால் இனர்ஷியாவும் (நிலைமத் திருப்புத்திறன்) கால்தான். சில மென்பொருள் தானே பெருக்கிக் கொடுக்கும். நாமும் பெருக்கினால் கால் டார்க்கின் 16 மடங்கு, அதாவது உண்மையின் 4 மடங்கு. சந்தேகமானால் ஒரே ஒரு ரோட்டார் நிலையில், அதே மெஷ் (கணக்குக்காகப் பிரிக்கும் வலைக் கண்) அளவில் முழு மாடலை ஒரு தரம் ஓட்டி டார்க்கை ஒப்பிடுங்கள்.