மக்கள்தொகை 0 உள்ள பிரெஞ்சு ஊர்: ஃப்ளூரியின் பழைய கணக்கை எங்கே தேடுவது?

ஏட்டுச்சுவடி:
வணக்கம். வடகிழக்கு பிரான்ஸில் வெர்டன் நகருக்கு அருகே உள்ள ஃப்ளூரி-தெவான்-தூவோமோன் பற்றிக் கட்டுரை தயாரிக்கிறேன். அந்நாட்டுப் புள்ளியியல் நிறுவனமான இன்சே வெளியிடும் பட்டியலில் இந்தக் கொம்யூனுக்கு (பிரான்ஸின் அடிப்படை உள்ளாட்சி அலகு) நேரே 0 என்று இருக்கிறது. ஆளே இல்லாத ஊர் எப்படி இன்னும் கணக்கில் நிற்கிறது? மேயர் உண்டு என்றும் படித்தேன். முதல் உலகப் போருக்கு முந்தைய எண்ணிக்கையை வருடவாரியாக எடுக்க வழி இருந்தால் சொல்லுங்கள்.

மேட்டுநிலம்:
அந்த 0 பிழையில்லை. போருக்கு முன் அங்கே 422 பேர். உழவும் மரவேலையும்தான் பிழைப்பு. 1916 பிப்ரவரி 21 அன்று வெர்டன் சண்டை தொடங்கியதும் ஊர் காலியானது. ஜூன் 23 அன்று ஜெர்மன் படை நுழைந்தது. ஆகஸ்ட் 18 அன்று பிரெஞ்சுப் படை முழுதாக மீட்பதற்குள் ஊர் 16 முறை கைமாறியதாகக் கணக்குச் சொல்கிறார்கள்.

வீடுகள் இடிந்ததால் மட்டும் ஊரைக் கைவிடவில்லை. அந்தப் போரில் தரைமட்டமான எத்தனையோ ஊர்களைப் பிறகு திரும்பக் கட்டினார்கள். இங்கே கெட்டது மண். வெடிக்காத குண்டுகள், நச்சுவாயுக் குண்டுகள், எடுக்கப்படாத உடல்கள் எல்லாம் உள்ளே கிடக்க, மேல்மண் புரண்டு போனது. ஏர் ஓட்டவே முடியாது. அரசு இதைச் சிவப்பு மண்டலம் என்று ஒதுக்கி, நிலத்தை வாங்கிக் காடு வளர்த்தது. ஆஸ்திரியக் கருப்பு பைன் நிறைய நட்டார்கள். மண்ணுக்குள் இருப்பது இன்னும் தீரவில்லை: 2013-ல்கூட ஃப்ளூரியில் 26 பிரெஞ்சு வீரர்களின் எச்சங்கள் கிடைத்தன.

இன்று போய்ப் பார்த்தால் மரங்களுக்கடியில் தரை முழுக்கக் குழியும் மேடும். பழைய தெருக்கள் இருந்த தடத்தில் நடைபாதை. ரொட்டிக்கடை, கொல்லன் பட்டறை, பள்ளிக்கூடம் எங்கெங்கே இருந்தன என்று சிறு குறிகள் நட்டிருக்கிறார்கள். தேவாலயம் இருந்த இடத்தில் 1934-ல் கட்டிய சிற்றாலயம் நிற்கிறது.

கல்வெட்டு_வாசகர்:
மேயர் விஷயம். 1919-ல் வந்த சட்டப்படி, அழிந்த இந்த ஊர்களுக்குச் சட்டத் தகுதி நீடித்தது. வாக்காளர் இல்லை, ஆகவே தேர்தலும் இல்லை. மாவட்டத்தின் பிரெஃபே (அரசுப் பிரதிநிதி) நியமிக்கும் மூன்று பேர் குழு நிர்வகிக்கிறது. அதன் தலைவருக்கு மேயரின் அதிகாரங்கள் உண்டு. கட்டுரையில் "தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

வெர்டன் களத்தில் அழிந்த ஊர்கள் ஒன்பது. இப்படி ஆளில்லாமல் இருப்பவை ஆறு: போமோன், பெஸோன்வோ, க்யூமியேர், ஃப்ளூரி, ஓமோன், லூவ்மோன். தூவோமோன், வோ, ஓர்ன் மூன்றிலும் கொஞ்சம் பேர் குடியேறினார்கள். தூவோமோனும் வோவும் 2019 ஜனவரி 1 முதல் ஒரே கொம்யூன். ஆகவே அவற்றின் எண்களை ஃப்ளூரியோடு ஒப்பிடும்போது கவனம். பலர் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று: போரில் இறந்தவர்களின் எலும்புகளை வைத்திருக்கும், 1932-ல் திறந்த பெரிய நினைவுக் கட்டடம் தூவோமோன் எல்லைக்குள் வரும். ஃப்ளூரி எல்லைக்குள் இருப்பது 1967-ல் திறந்த வெர்டன் நினைவு அருங்காட்சியகம். ஊரின் பழைய ரயில் நிலையம் இருந்த இடம் அது.

தொகைநூல்:
எண்களுக்கு முதலில் காசினி தரவுத்தளம். சமூக அறிவியல் உயர்கல்வி நிறுவனம் நடத்துவது. 1793 முதல் ஒவ்வொரு கொம்யூனின் வரிசையும் கிடைக்கும். "ஃப்ளூரி" என்று மட்டும் தேடினால் வேறு பல ஊர்கள் வந்து நிற்கும். முழுப்பெயரோடு, இன்சே எண் 55189 என்பதையும் சரிபாருங்கள். 55 என்பது மியூஸ் மாவட்டம்.

ஆட்களின் பெயர், வயது, தொழில் வேண்டுமென்றால் பார்-லெ-துக்கில் உள்ள மாவட்ட ஆவணக்காப்பகத்தைத்தான் பார்க்க வேண்டும். பிரெஞ்சு மாவட்டக் காப்பகங்களில் குடிக்கணக்குப் பெயர்ப்பட்டியல்கள் 6எம் வரிசையில் இருக்கும், பெரும்பாலும் 1836-லிருந்து. 1793-க்கு முந்தைய காலத்துக்கு ஆள் கணக்கு கிடைக்காது, "அடுப்பு" கணக்குதான், அதாவது குடும்ப எண்ணிக்கை. 4 அல்லது 5-ஆல் பெருக்குவது வழக்கம். அது உத்தேசம்தான், அட்டவணையில் மற்ற எண்களோடு ஒரே வரிசையில் வைக்கக்கூடாது. பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் இரண்டு படிகளாக எழுதப்பட்டன. ஊர்ப்படி போயிருந்தாலும் நீதிமன்றப் படி தப்பியிருக்க வாய்ப்புண்டு.

ஏட்டுச்சுவடி:
மிக்க நன்றிங்க. வரிசையில் 1871-ம் 1916-ம் காணோமே?

தொகைநூல்:
கணக்கெடுப்பு ஐந்தாண்டுக்கு ஒருமுறை, 1, 6 என்று முடியும் ஆண்டுகளில் நடந்தது. பிரஷ்யப் போரால் 1871-ஐ 1872-க்குத் தள்ளினார்கள். 1916-ல் போரால் எடுக்கவே இல்லை. ஆகவே வரைபடத்தில் 1911-ஐயும் 1921-ஐயும் ஒரே கோட்டால் இணைக்காதீர்கள். மெல்ல மெல்லத் தேய்ந்த ஊர் போலத் தெரியும். கோட்டை 1911-ல் நிறுத்திவிட்டு, 1916 பிப்ரவரியில் ஊர் காலியானது என்று குறிப்புப் போடுங்கள்.