பம்பு அட்டவணை இரண்டு பக்கமாக உடைகிறது: விடலாமா, தடுக்கலாமா?

மோட்டார்க்காரன் (கோவை):
நீர்மூழ்கி பம்புகளின் கேட்லாக்கை வேர்டில் தயாரிக்கிறேன். ஸ்டேஜ் (பம்புக்குள் அடுக்கடுக்காக இருக்கும் சுழல்சக்கரங்கள்), குதிரைத்திறன், ஹெட் (தண்ணீரை எவ்வளவு உயரம் ஏற்றும் என்பது), நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று ஓர் அட்டவணை. கடைசி மூன்று வரிசைகள் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடுகின்றன. போர்வெல் ஆழத்தைச் சொல்லிப் பம்பு கேட்கும் விவசாயியிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினால் வெறும் எண்கள்தான் இருக்கும். அட்டவணையை உடையவே விடக்கூடாது என்பது என் கட்சி.

பக்கக்கட்டு (ஈரோடு):
உடையட்டும் அண்ணா, அதனால் குடி முழுகிவிடாது. முதல் வரிசையில் 'ரிப்பீட் ஹெடர் ரோஸ்' கொடுங்கள், தலைப்பு அடுத்த பக்கத்திலும் வரும். உடையாமல் கட்டிவைத்தால் மொத்த அட்டவணையும் அடுத்த பக்கத்துக்குத் தாவி, முந்தைய பக்கம் பாதி வெள்ளையாகக் கிடக்கும். ஆர்ட் பேப்பர் விற்கிற விலையில் இது தேவையா?

மோட்டார்க்காரன்:
கொடுத்தேன், தலைப்பு வரவில்லை. வந்தாலும் போதாது தம்பி. ஒரே வகைப் பம்பில் ஸ்டேஜ் கூடக்கூட ஹெட் ஏறும். தன் கிணற்றுக்கு எது சரி என்று மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கச் சொல்வீர்களா?

பக்கக்கட்டு:
கன்ட்ரோல் என்டர் அடித்து நீங்களே பக்கத்தை வெட்டியிருப்பீர்கள். வேர்டு தானாக உடைக்கும் இடத்தில்தான் தலைப்பு திரும்ப வரும். அட்டவணைப் பண்புகளில் டெக்ஸ்ட் ராப்பிங் 'அரவுண்ட்' (எழுத்து அட்டவணையைச் சுற்றி ஓடுவது) என்று இருந்தாலும் வராது, 'நன்' ஆக்குங்கள்.

பல்லடத்துக்காரி:
நான் மோட்டார்க்கார அண்ணன் பக்கம். பனியன் அளவுப் பட்டியலில் மார்பளவு ஒரு பக்கம், உயரம் மறுபக்கம் என்று போனால் கட்டிங் மாஸ்டர் என்னைத்தான் கூப்பிடுவார். கடைசி வரிசையை விட்டுவிட்டு மற்ற எல்லா வரிசைகளையும் தேர்ந்தெடுத்து, பத்தி அமைப்பில் 'கீப் வித் நெக்ஸ்ட்' போடுங்கள். கடைசி வரிசைக்கும் போட்டால் கீழே உள்ள பத்தியும் சேர்ந்து இழுபடும். லிப்ரே ஆபீஸில் இவ்வளவு பாடு இல்லை. அட்டவணைப் பண்புகளில் 'டெக்ஸ்ட் ஃப்ளோ' பகுதிக்குப் போய், பக்கங்களுக்கு இடையே பிரியலாம் என்ற குறியை எடுத்தால் முடிந்தது.

பக்கக்கட்டு:
ஒரு பக்கத்தைவிட நீளமான அட்டவணையை என்ன செய்வீர்கள் அக்கா? எந்தக் குறியைப் போட்டாலும் வேர்டு உடைத்துத்தான் தீரும். லேடெக் என்ற பக்க அமைப்பு மென்பொருளில் 'டேபுலர்' என்ற சாதாரண அட்டவணை உடையாது, ஆனால் பக்கத்தின் அடியைத் தாண்டி வெளியே போய்விடும். அதற்காகத்தான் பக்கம் தாண்டி உடையும் 'லாங்டேபிள்' இருக்கிறது. ஒரு வரிசை நடுவில் பிளப்பதை மட்டும் தடுங்கள், அதற்கு 'அலோ ரோ டு பிரேக்' குறியை எடுத்தால் போதும்.

மோட்டார்க்காரன்:
நீளமானதைக் குதிரைத்திறன் வாரியாகச் சின்னச் சின்ன அட்டவணைகளாக்கி, ஒவ்வொன்றையும் உடையாமல் வைக்கப்போகிறேன்.

பக்கக்கட்டு:
வையுங்கள். எத்தனை பக்கம் கூடுகிறது என்று அச்சகத்தில் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.